பதினைந்தாம் கட்டத்தில் ஒரு குதி

ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று, இந்த வால்ட்ஸுக்கு நான் எதற்கு, நான் இல்லாவிட்டாலும் இது தன்பாட்டுக்கு ஓடும், ஆனால் ராவ்னன் உணவகத்தின் முதலாளி ஹாலாகருக்குக் கையில் கோலோடு ஒருவர் மேடையில் நிற்க வேண்டும், கோல் இல்லாவிட்டால் அது வாத்தியக் குழுவே இல்லையாம், சரி, நிற்கிறேன், கழுத்தில் சாக்ஸபோன் தொங்குகிறது, கையில் கோல் ஆடுகிறது, முதுகுக்குப் பின்னால் ஐம்பது ஜோடிகள் சுற்றுகிறார்கள், பியானோவுக்கு மேலே மாட்டியிருக்கும் பெரிய கண்ணாடியில் அவர்களைப் பார்க்கிறேன், அவர்களையா பார்க்கிறேன், மூன்றாவது தூணுக்குப் பக்கத்து மேஜையை அல்லவா பார்க்கிறேன். அங்கே ஐந்து அமெரிக்கர்கள். ஐந்து பேரும் கறுப்பர்கள், இந்த வாரம் முழுவதும் நகரத்தின் பெரிய அரங்கில் வாசிக்க வந்தவர்கள், கோபன்ஹேகனில் வேறு யார் ஜாஸ் வாசிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஐந்து மணித் தேநீர் நடனத்துக்கு இங்கே வந்துவிட்டார்கள். அவர்களில் சுவரோரமாக, தேநீரைத் தொடாமல், மேஜைமேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் அம்புரோஸ் கேட்லின். பச்சை லேபிள் ஒட்டிய அந்த இசைத்தட்டில் கார்னெட் என்கிற சின்ன எக்காளத்தை வாசித்திருப்பவர் அவர்தான். அந்தப் பாட்டை உண்டாக்கியவரும் அவர்தான். இந்த வால்ட்ஸ் முடிந்ததும் நாங்கள் வாசிக்கப்போவது அதைத்தான். இரண்டு வருடமாக நாங்கள் அதைத் தப்பாக வாசித்து வந்திருக்கிறோம் என்பது இன்று காலை பத்தரை மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்று இரண்டு மூன்று. இன்னும் எத்தனை பக்கம். நான்கு. நான்கு பக்கத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், குதிப்பதா, குதிக்காமல் போவதா.

பத்தரை மணி, ஒத்திகை, நாற்காலிகள் இன்னும் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன, எங்கள் பியானோக்காரன் ஹோல்கர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்த ரயிலில் இறங்கி நேராக வந்திருக்கிறான். கையில் தட்டையான பொட்டலம். பச்சை லேபிள். புதுத்தட்டு. “நம்முடையது தேய்ந்துபோச்சே, நல்லதா ஒண்ணு கிடைச்சுது, வாங்கினேன்” என்றான், அந்தக் குரலிலேயே ஏதோ இருந்தது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பல் வலிக்குமுன் ஈறு சொல்லுமே அப்படி. முள்ளை வைத்தான். பாட்டு வந்தது. முப்பத்திரண்டு கட்டம், கட்டத்துக்கு நான்கு அடி, எங்கள் ஏழு பேருக்கும் தூக்கத்தில்கூடத் தெரிந்த பாட்டு. கடைசித் தடவை பதினைந்தாவது கட்டம் வந்தது. நாங்கள் ஏழு பேரும், ஒருவரையொருவர் பார்க்காமலே, உள்ளுக்குள் குதித்தோம். தட்டு குதிக்கவில்லை. கேட்லின் நான்கு அடியையும் நிதானமாக நடந்து பதினாறுக்குப் போனார், வாசற்படி இறங்குகிறவரைப்போல. நாங்கள் மட்டும் அந்தரத்தில் நின்றோம். “திரும்பப் போடு” என்றான் ஐனார், எங்கள் டிரம் அடிப்பவன், முன்பு டிராம் பட்டறையில் சுத்தியல் பிடித்த பெரிய கை. திரும்பப் போட்டான். மறுபடியும் நான்கு அடி. “நம்ம தட்டைப் போடு.” எங்கள் பழைய தட்டு, அதே இடம், டிக் என்று ஒரு சத்தம், இரண்டு அடி காணாமல் போய்ப் பாட்டு பதினாறில் குதித்து இறங்கியது. ஹோல்கர் எங்கள் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். ஒரு கீறல். நகத்தால் கிழித்ததுபோல, கண்ணிமை நீளத்துக்கு ஒரு கீறல். முள் அதில் தடுக்கி ஒரு கோட்டைத் தாண்டி அடுத்த கோட்டில் விழுந்திருக்கிறது, நாங்கள் அதை அமெரிக்கா என்று நினைத்திருக்கிறோம். அந்த டிக்கைக்கூட விடவில்லையே, ஐனார் அதே இடத்தில் டிரம்மின் மரவிளிம்பில் குச்சியால் தட்டுவானே, எவ்வளவு பக்தியாகத் தட்டுவான். யாரும் சிரிக்கவில்லை. ஹோல்கர் என் பக்கம் திரும்பி, “ஃப்ரோக்கன் லிண்டகோர், நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்றான். இரண்டு வருடமாக என்னை தூரா என்றும் நீ என்றும் கூப்பிட்டவன். ஃப்ரோக்கனாம். கல்யாணமாகாத பெண்ணுக்கு எங்கள் ஊரில் ஒட்டுகிற லேபிள். அந்த மரியாதை கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது.

நான் என்ன சொன்னேன். நான், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரோடு வாரத்துக்கு ஒரு சண்டை போடுகிறவள், வாயைத் திறந்து மூடினேன். அதற்குள் ஹாலாகர் வந்துவிட்டார், ஹோல்கர்தான் வரவழைத்திருக்கிறான், வேறென்ன. “சாயங்காலம் அமெரிக்கக்காரங்க வர்றாங்க, அவங்க எதிர்ல என் உணவகம் சிரிப்பாச் சிரிக்கக் கூடாது” என்றார், “பாட்டை உள்ளபடி வாசிங்க. ஏதாவது கோணலாச்சுன்னா திங்கட்கிழமையிலேருந்து குழு ஹோல்கரோடது. அவன் முறையாப் படிச்சவன்.” முறையாகப் படித்தவன். நான் என்ன கோழிக்கூண்டிலா படித்தேன். வாசலில் ஒட்டியிருக்கிற தாளில் தூரா லிண்டகோரும் ஆறு பேரும் என்று இருக்கிறது, அந்த ஆறு பேரில் நான்கு பேரை நான் தெருத்தெருவாகச் சைக்கிளில் போய்ச் சேர்த்தேன், ஹோல்கரை ஒரு சினிமாக் கொட்டகையில் அழுகைக் காட்சிகளுக்குப் பியானோ தட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன், அவனுக்கு இடது கையை எப்படி நடக்கவிட வேண்டுமென்று காட்டினதே நான், இப்போது அவன் முறையாகப் படித்தவன். ஒன்று இரண்டு மூன்று. கோல் கொஞ்சம் வேகமாகிவிட்டது, வயலின்காரர் கண்ணைத் தூக்கிப் பார்க்கிறார். மெதுவாக. தூரா, மெதுவாக.

நேராக வாசித்துவிடலாம். அதில் என்ன கஷ்டம். இரண்டு அடியைத் திருப்பிப் போட்டுவிட வேண்டியது, பள்ளத்தில் மண் கொட்டி மூடுவதுபோல. கேட்லின் தலையாட்டுவார், பரவாயில்லையே, டேனிஷ்காரர்கள் ஒழுங்காகக் காப்பியடிக்கிறார்கள் என்பார். ஹாலாகர் கையைத் தேய்த்துக்கொள்வார். திங்கட்கிழமை நான் இங்கேதான் நிற்பேன், இதே கோலோடு. ஆனால் அப்புறம் அந்தப் பத்திரிகைக்காரன். போன வருடம் எழுதினானே, வரி மனப்பாடம், மறக்க முடியவில்லை, ராத்திரி பல் தேய்க்கும்போதுகூட வருகிறது: ஒரு பெண் நான்குவரை எண்ணுவாள் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது, ராவ்னனில் எண்ணிக்கை இரண்டோடு நின்றுவிடுகிறது. அதைப் படித்துவிட்டு நான் பத்திரிகை அலுவலகத்துக்கே போனேன். அவனுடைய மேஜைக்கு எதிரே நின்று, அது அமெரிக்கர்களின் நுட்பம், உங்கள் காதுக்கு எட்டாது என்று கத்தினேன். அவன் பைப்பைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. இப்போது பார்த்தால் அவன் சொன்னது சரி. அவன் எதுவும் தெரியாமல் சொன்னான், பெண் என்பதால் சொன்னான், ஆனாலும் சரியாகச் சொல்லிவிட்டான், இந்த மாதிரி ஆட்களுக்கு அதிர்ஷ்டமும் கூடவே வேலை செய்கிறது. இன்று நேராக வாசித்தால் நாளை அவன் எழுதுவான், ஃப்ரோக்கன் லிண்டகோர் ஒரு வழியாக எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று.

அந்தத் தட்டை வாங்கிய நாள் நல்ல மழை. நியூஹாவ்ன் கப்பல்துறையில் ஒரு மாலுமி தார்ப்பாய்க்குக் கீழே நின்றுகொண்டு பித்தளை விளக்கு, பல்லிப் பொம்மை, நாலைந்து இசைத்தட்டு என்று விற்றுக்கொண்டிருந்தான். தட்டுக்கு உறைகூட இல்லை, பழைய காலுறையில் சுற்றி வைத்திருந்தான். கீறல் அந்தக் காலுறைக்குள் இருந்த மணலால் வந்திருக்கும், எந்தக் கடற்கரை மணலோ. அப்போது நான் பெண்கள் வாத்தியக் குழு ஒன்றில் வயலின். வெள்ளைக் கவுன், இடுப்பில் நீல நாடா, எட்டுப் பெண்கள் பூச்செடித் தொட்டிகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து வாசிப்போம், நாடாவைச் சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று உணவகக்காரர் தானே வந்து தொட்டுப் பார்ப்பார், வாசிப்பு சரியா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் சிரிக்க வேண்டும், அதுவும் வாசிப்பில் சேர்த்தி. சாக்ஸபோன் வாங்கியபோது அந்தக் குழுவின் தலைவி சொன்னாள், “ஊதினா கன்னம் உப்பும் தூரா, அப்புறம் யார் பார்ப்பா?” நல்லது, பார்க்க வேண்டாம், கேளுங்கள் என்றேன். அன்றைக்கே வெளியே. அறையில் கிராமபோன், வீட்டுக்காரிக்குக் கேட்கக் கூடாதென்று இறகுப் போர்வையை அதன்மேலும் என்மேலும் போர்த்திக்கொண்டு, உள்ளே இருட்டும் வியர்வையும் மெழுகு வாசனையும், ஒரு கட்டம் கேட்பேன், முள்ளைத் தூக்குவேன், ஊதுவேன், மறுபடி வைப்பேன், உதட்டின் உள்பக்கம் கிழிந்து உப்புக் கரிக்கும். அந்தக் குதியை முதல்முறை கேட்டபோது போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். தரை ஒரு படி இறங்கினதுபோல. எல்லோரும் நடந்துபோகிற பாதையில் ஒருவர் மட்டும் சட்டென்று ஓடையைத் தாண்டி அந்தப்பக்கம் போய் நிற்கிறார், நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறார், வருகிறாயா என்கிறார். வருகிறேன் என்றேன். சத்தமாகச் சொன்னேன். கணிதமும் வயலினும் நீல நாடாவும் எனக்குச் சொல்லாததை அது சொன்னது என்று நினைத்தேன். சொன்னது யார். ஒரு கீறல். யாருமே கூப்பிடவில்லை, நானாகப் போயிருக்கிறேன்.

கண்ணாடியில் கேட்லின் கைக்குட்டையால் உதட்டைத் துடைக்கிறார், இன்னும் ஒன்றும் குடிக்காமலே துடைக்கிறார், அது வாசிக்கிறவர்களின் பழக்கம், எனக்கும் உண்டு. அவர் உள்ளே வந்தபோது வாசலில் ஹாலாகர் குனிந்த குனிவு. அவர் ஆங்கிலத்தில், இந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்று கேட்டார். ஹாலாகர் பியானோவைக் காட்டினார். ஹோல்கர் எழுந்து தலைவணங்கினான், வெட்கமே இல்லாமல் வணங்கினான். கேட்லின் என்னைப் பார்த்தார், என் கழுத்திலிருந்த சாக்ஸபோனைப் பார்த்தார், “அப்ப இந்தம்மா?” என்றார். “மேடைக்குப் பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு” என்றார் ஹாலாகர். எனக்கு ஆங்கிலம் தெரியும், ஐயா, உங்களைவிட நன்றாகத் தெரியும், நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழைகூட இருந்தது. சொல்லவில்லை. கையில் கோல் இருந்தது. கேட்லின் முகத்தில் சிரிப்பு வரவில்லை என்பதைக் கவனித்தேன். அழகுக்காக நிற்பது என்றால் என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்கலாம், அவருடைய குழுவைப் பற்றியும் இந்த ஊர்ப் பத்திரிகைகள் எப்படி எழுதின, காட்டுச் சத்தம், விளக்கொளியில் வெள்ளைப் பல் என்று, சங்கீதத்தைப் பற்றி ஒரு வரி உண்டா. அப்படிப்பட்டவர் எதிரில் அவருடைய பாட்டையே உடைத்து வாசிப்பதா. அதுவும் எங்கள் திமிர் ஆகிவிடாதா. உங்கள் பாட்டுக்கு ஒரு காலை ஒடித்துவிட்டோம், நொண்டி எவ்வளவு அழகு பாருங்கள் என்று காட்டுவதா. இது ஹாலாகரின் பயமில்லை, இது வேறு பயம். மூன்றாம் பக்கம் திரும்புகிறது. தாளின் சலசலப்பு.

எண்ணிப் பார்க்கலாம். பயம் வந்தால் எண்ணுவது என் வழக்கம். தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. எங்கள் வேகம் நிமிடத்துக்கு நூற்றைம்பத்தாறு அடி, ஹோல்கரே தாளத்தை எண்ணுகிற தன்னுடைய மெட்ரோனோமை வைத்து அளந்து பென்சிலால் எழுதினான், இதோ தாளில் இருக்கிறது. நூற்றைம்பத்தாறை எழுபத்தெட்டால் வகுத்தால். இரண்டு. சரியாக இரண்டு, மிச்சமே இல்லை. முள் ஒரு கோட்டைத் தாண்டினால் ஒரு சுற்றுப் போகும், ஒரு சுற்று என்பது இரண்டு அடி, அதனால்தான் அது எங்கோ நடுவில் இடறி விழாமல் அடியின்மேலேயே வந்து இறங்கியது, அதனால்தான் ஏழு பேரில் ஒருவருக்கும் அது கோளாறாகப் படவில்லை. அடடா. கேட்லினும் அவருடைய ஆட்களும் சிக்காகோவில் ஒரு மயிரிழை மெதுவாக வாசித்திருந்தால் அது வெறும் கீறல், தூக்கிப் போட்டிருப்போம். மாலுமியின் மணலும் கேட்லினின் வேகமும் ஒன்றோடொன்று வகுபட்டிருக்கின்றன. பேராசிரியரிடம் இதைச் சொன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்துத்தான் பதில் சொல்வார், நான் கேள்வி கேட்டால் பதில் எப்போதும் அவனுக்குத்தான் போகும், சொல்லட்டும். இரண்டு. எண்ணிக்கை இரண்டோடு நின்றுவிடுகிறது, ஆமாம், பத்திரிகைக்காரரே, மிகச் சரியாக இரண்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் இதுவும் வெறும் கணக்குத்தான், இது முள் செய்த வேலை, நான் செய்தது என்ன, காது கொடுத்தேன், கிளிப்பிள்ளைபோல, அவ்வளவுதான். அவ்வளவுதானா. காலையில் ஹோல்கர் போட்டபோது முதல் மூன்று தடவை எங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையே. கடைசித் தடவைதானே அந்தரத்தில் நின்றோம். ஏன்.

ஏனென்றால் தட்டில் அது ஒரே ஒரு தடவை. பாட்டு முழுவதுமாக நான்கு தடவை திரும்பத் திரும்ப வருகிறது, கீறல் நாலாவது தடவையில் மட்டும். முதல் மூன்று தடவை எங்கள் பழைய தட்டிலும் நேர்தான். ஐயோ, இதை எப்படி மறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐனாருடைய சமையலறையில், அவன் மனைவி மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாள், புகை, அவன் வாணலியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் அடிக்கிறான், நான் சொல்கிறேன், இந்தக் குதியை நாலு தடவையும் வைக்கலாம். அவன் சொல்கிறான், “தட்டுல ஒரு தடவைதானே வருது?” நான் சொல்கிறேன், “நல்லா இருக்கிறதை ஏன் ஒரு தடவையோட நிறுத்தணும்? அவங்களுக்குத் தோணல, நமக்குத் தோணுச்சு.” அவன் மனைவி கரண்டியோடு திரும்பி, “எதுவா இருந்தாலும் வாணலியைக் குடுத்துட்டு வைங்க” என்கிறாள். நமக்குத் தோணுச்சு. நான் சொன்ன வார்த்தை. என் வாயால் சொன்ன வார்த்தை. முள் ஒரு தடவைதான் குதித்தது. மற்ற மூன்றையும் குதித்தது நான். எந்தத் தட்டிலும் இல்லாத மூன்று. ஹாம்பர்க்கிலோ சிக்காகோவிலோ எங்கே போய்ப் புதுத்தட்டு வாங்கினாலும் அதில் இருக்காத, வாங்கவே முடியாத மூன்று. முதல்நாள் ராவ்னனில் அதை வாசித்தபோது ஜோடிகள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள், ஒரு கிழவர் எங்களை எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு வாரம் கழித்துத் தொப்பிக் கடையில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் அந்த இடத்துக்குக் காத்திருந்து சின்னதாக ஒரு குதி குதித்தார்கள். அடுத்த மாதம் முழுக் கூடமும் குதித்தது. இப்போது வேறு உணவகங்களில்கூட ராவ்னன் குதி என்று கேட்கிறார்களாம், வாசிக்கத் தெரியாமல் விழிக்கிறார்களாம். இந்தத் தரை அதற்காகவே கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. தப்பாம். முன்னூறு சாயங்காலம், இருநூறு கால், ஒன்றாக இறங்குகிறது, யார் வந்து சொல்வது அதைத் தப்பு என்று.

ஒன்று இரண்டு மூன்று, ஒன்று, முடிந்தது. கைதட்டல், கையுறைக்குள்ளிருந்து வருகிற மெத்தென்ற கைதட்டல். கோலைப் பியானோவின் மேல் வைத்தேன். உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. “பச்சை” என்றேன் ஏழு பேருக்கும் கேட்கும்படி, என்னையும் சேர்த்து ஏழு, எனக்கும் கேட்க வேண்டியிருந்தது. “குதி உண்டு. நாலு தடவையும்.” ஹோல்கர் திரும்பாமலே, “நான் எழுந்து போயிடுவேன்” என்றான். “போங்கள். நீங்கள் ஹாம்பர்க் வரைக்கும் போய் வந்தவர், வாசல் பக்கத்தில்தான் இருக்கிறது.” ஐனார் குச்சியைக் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தான், “தூரா, அந்த டிக்?” என்றான். “டிக்கும் உண்டு.” “அப்ப சரி. அது இல்லாட்டி எனக்கு இந்தப் பாட்டுல வேலையே இல்லை” என்றான், பெரிய முகம் முழுக்கச் சிரிப்பு. காலால் தரையை நாலு தடவை அடித்தேன், நான்குவரை எண்ணினேன், பத்திரிகைக்காரரே, எண்ணிக்கொள்ளுங்கள்.

கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று ஊதினேன். கண்ணாடி வேண்டாம். கட்டங்கள் ஓடின, எட்டு, ஒன்பது, ஜோடிகளின் தோளில் ஏற்கெனவே ஒரு துடிப்பு, பதினான்கு, பதினைந்து, டிக், குதித்தோம், இருநூறு கால் தரையில் ஒன்றாக இறங்கிய சத்தம் என் முழங்கால் வழியாக ஏறியது. பியானோ மட்டும் நேராக நடந்தது. இரண்டு அடி, ஹோல்கர் தன்னந்தனியாக, சரியாக, முறையாக, யாருமில்லாத தெருவில். இரண்டாவது தடவை வந்தபோது அவன் முதுகு இறுகியது, பதினைந்து, அவனுடைய கைகள் குதித்துவிட்டன. அவன் குதிக்கவில்லை, கைகள் குதித்தன, நல்ல கைகள், அவற்றைத் தேடிப்பிடித்தவள் நான். கேட்லின் எழுந்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், தூணுக்குப் பின்னால் மறைந்தார். போகிறார். கோட்டு வைக்கிற அறைப்பக்கம் போகிறார். ஹாலாகர் அவர் பின்னாலேயே ஓடுகிறார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடுகிறார். போகட்டும். போகட்டுமா. விரல் குளிர்ந்தது, ஆனால் விரல் நிற்கவில்லை, உதட்டின் உள்பக்கம் பழைய இடத்தில் உப்புக் கரித்தது, போர்வைக்குள் இருந்த அதே இருட்டு ஒரு நொடி கண்ணுக்குள் வந்து போனது, அப்புறம் கூடத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று மின்னியது. கார்னெட். கோட்டுக்குள்ளிருந்து எடுத்து வருகிறார். ஆடுகிறவர்கள் வழிவிட்டார்கள். மேடை ஏறவில்லை, மேடைக்குக் கீழே, என் காலடிக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவைக்குள் நுழைந்தார், அந்தக் குரல், தட்டில் டப்பாவுக்குள் அடைத்ததுபோலக் கேட்ட அதே குரல், இங்கே தோளோடு தோளாக, சூடாக, எச்சிலோடு. பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பதினைந்து, டிக். நாங்கள் அந்தப்பக்கம் போய்விட்டோம். அம்புரோஸ் கேட்லின் தன்னுடைய சொந்தப் பாட்டில் தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்தார். இரண்டு அடி, கார்னெட் தனியாக, பாவம், யாருமில்லாத ஓடைக்கரையில். தொப்பிக் கடைப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் கார்னெட்டை இறக்கினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நாலாவது தடவை முழுவதும் வாசிக்கவில்லை, ஜோடிகளின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார், பதினைந்தில் எல்லோரும் குதித்தபோது அவருடைய ஷூவின் முனை மட்டும் ஒரு கணம் தாமதமாகத் தரையைத் தட்டியது.

பாட்டு முடிந்தது. ஹாலாகர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “மிஸ்டர் கேட்லின், மன்னிக்கணும், இது இனிமே நடக்காது, திங்கட்கிழமையிலேருந்து இந்த ஹோல்கர்” என்று ஆரம்பித்தார். கேட்லின் அவரைப் பார்க்கவில்லை. “இந்தம்மா, அது என்ன? அந்த இடத்தில?” என்றார். பொய் சொல்லியிருக்கலாம். நானே யோசித்தது என்றால் யாருக்குத் தெரியும், ஹோல்கரைத் தவிர. “உங்க தட்டில ஒரு கீறல்” என்றேன். “கப்பல்துறையில வாங்கினது. முள்ளு ஒரு தடவை குதிச்சுது. மத்த மூணு தடவை நாங்க குதிச்சோம்.” அவர் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது, மேஜையிலிருந்த நாலு பேரும் அங்கிருந்தே சிரித்தார்கள், “எட்டு வருஷமா இந்த வீட்டில குடியிருக்கேன், அங்க ஒரு கதவு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே” என்றார். ஹாலாகர் பக்கம் திரும்பி, சாதாரணமாக, மழை பெய்கிறது என்பதுபோல, “ஐயா, தலைவர் யாருன்னு எனக்குத் தப்பாக் காட்டிட்டீங்க” என்றார். ஹாலாகரின் வாய் மீனைப்போலத் திறந்தது. “ஃப்ரோக்கன் லிண்டகோர், திங்கட்கிழமை வழக்கம்போல” என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை, கேட்லின் கார்னெட்டை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டு நிறுத்தி, குனிந்து என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார், “எங்க விடணும்? எண்ணிச் சொல்லுங்க.”

“பதினைந்தில்” என்றேன். “பாதியில் விட்டுடுங்க. பயப்படாதீங்க, கீழே தரை இருக்கு.” ஹோல்கர் முதல் சுருதியைத் தானாகவே எடுத்துக் கொடுத்தான், என் முகத்தைப் பார்க்காமல், “தூரா, நீ சொல்லு” என்றான். ஐனார் குச்சியை மரவிளிம்புக்கு மேலே பிடித்துக்கொண்டான். காலைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, போனோம், எட்டைத் தாண்டினோம், பதினான்கு வந்தது, கேட்லினின் புருவம் ஏறியது, நான் தலையை அசைத்தேன், டிக், ஐம்பது ஜோடியும் ஏழு பேரும் அந்த ஒரு கார்னெட்டும் ஒன்றாகக் காற்றில் இருந்தோம், ஒன்றாகத் தரையில் இறங்கினோம்.